சீனி இல்லாத ஊரிலை எனக்குச் சீனி வருத்தம்

சண்டையாலை சாமான் வராமல், சீனி என்ன நிறம் எண்டு எங்கடை வீட்டுச் சின்னன்கள் மறந்துபோன காலத்திலைதான் எனக்குச் சீனி வருத்தம் வந்தது. ஆண்டவருக்கும் பகிடி விடத் தெரியும் எண்டு அண்டைக்குத்தான் விளங்கினது. அந்தப் பகிடிக்கு நான் இன்னும் சிரிக்கேல்லை.

என்ரை பெயர் பிலோமினா. நாயாற்றுப் பக்கம் கருவாடு போடுறனான். என்ரை மனுசன் அந்தோனி மீன் ஏத்திற ஆள். கரையிலை மீனை வாங்கி, ஐஸ் போட்டுப் பெட்டியிலை அடைச்சு, சைக்கிளிலை உள்ளூர்ச் சந்தையளுக்குக் கொண்டுபோவார். எங்களுக்கு மூண்டு பிள்ளையள். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பாக்கத் தொடங்கின நேரம் என்ரை வயிறு ஊதத் தொடங்கினது. வயது நாப்பத்தொண்டு. முதல் வாயு எண்டு நினைச்சு உள்ளி சுட்டுத் திண்டன். வாயு உதைக்கத் தொடங்கினாப் பிறகுதான் கிளினிக்குக்குப் போனன்.

கிளினிக் எண்டால் ஒரு ஓலைக் கொட்டில். அதுக்கை இருக்கிறதுக்கு ஒரு நீட்டு வாங்கு, வாங்கு முழுக்க வயிறுகள். அதிலை நான்தான் கிழவி. என்னைப் பாத்து ஒரு பெட்டை, மகளைக் கூட்டி வந்தனீங்களோ அம்மா எண்டு கேட்டாள். ஓம் பிள்ளை, மகள் வயித்துக்கை இருக்கிறாள் எண்டன். எல்லாரும் சிரிச்சவை. அப்பிடிச் சிரிக்கப்பண்ணித்தான் நான் எந்த வெக்கத்தையும் கடந்து வந்தனான். அது பிறகு எனக்கே வினையாய்ப் போச்சுது.

அங்கை மூத்திரத்தைச் சோதிக்கிற முறை சமையல் மாதிரி. கண்ணாடிக் குழாயிலை ஒரு நீலத் தண்ணி விட்டு, அதுக்கை எங்கடையிலை சில துளி விட்டு, ஸ்பிரிற் விளக்கிலை காய்ச்சுவினம். நீலமாய் நிண்டால் சீனி இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் கூட. செங்கல் நிறத்துக்கு வந்தால் ஆபத்து. என்ரை குழாய் பச்சையிலையும் நிக்கேல்லை, மஞ்சளிலையும் நிக்கேல்லை. நேர்சுமாருக்குத் தலைவியான பெரிய மிஸ்ஸி குழாயைத் தூக்கி எல்லாருக்கும் தெரியிற மாதிரிப் பிடிச்சா. நல்ல சிவந்த செங்கல்.

"என்ன, இனிப்பு நல்லாய்ச் சாப்பிடுறனீங்களோ?"

"கிடைச்சாத் தாங்கோ மிஸ்ஸி, மூட்டையோடை விழுங்கிறன்."

வாங்கு முழுக்கச் சிரிச்சது. மிஸ்ஸி சிரிக்கேல்லை. நாங்கள் வெறுந்தேத்தண்ணிக்கு ஒரு துண்டு பனங்கட்டியைக் கடிச்சு, மிச்சத்தை அடுத்த நேரத்துக்கு வைக்கிற ஆக்கள். அது அவவுக்கும் தெரியும், அவவும் அதைத்தானே கடிச்சுக் குடிக்கிறா. எண்டாலும் நான் விட்ட பகிடியை அவ வாக்குமூலமாய் எடுத்துப்போட்டா எண்டு பிறகுதான் தெரிஞ்சது.

ரத்தம் எடுத்தும் பாத்தவை. அதிலையும் சீனி. டொக்டர் ஒரு சின்னப் பிள்ளை, என்ரை மூத்தவளிலும் கொஞ்சம் வயது கூட இருக்கும். கண்ணுக்குக் கீழை கறுப்பு. ஒரு பக்கம் மலேரியா, மற்றப் பக்கம் காயக்காரர், நடுவிலை எங்கடை வயிறுகள். கர்ப்பகால நீரிழிவு எண்டா. முதல் சொன்னபடி சாப்பாட்டைக் குறைச்சுப் பாத்தும் இறங்காததாலை இன்சுலின் ஊசி போடவேணும், இல்லாட்டிப் பிள்ளை அளவுக்கு மிஞ்சி வளரும், சிலவேளை வயித்துக்கையே இறந்தும் போகும் எண்டா. அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பிறகு அவ சொன்னது ஒண்டும் என்ரை காதிலை சரியாய் விழேல்லை. விழுந்தது ரெண்டு விசயம். மருந்தைக் குளிராய் வைச்சிருக்கோணும். ஏத்த முன்னம் போத்தலை உள்ளங்கையிலை வைச்சு மெதுவாய் உருட்டோணும்.

கட்டில் இல்லாததாலை, ஊசி போடப் பழக்கிப்போட்டு, போத்தலைத் தந்து வீட்டை அனுப்பினவை. சுறாவின்ரை வயித்தைக் கிழிக்கிற மனுசன், நான் தொடையிலை ஊசி குத்தேக்கை திரும்பி நிண்டு செபம் சொல்லுவார். அவருக்குச் சேத்து நான்தான் தைரியம் சொல்லவேணும்.

மருந்தைக் குளிராய் வைக்கிற பொறுப்பை அவர் எடுத்தார். எங்கடை ஊரிலை கறன்ற் எப்பவோ போயிட்டுது. பிறிட்ஜ் வைச்சிருந்த ஆக்கள் அதை உடுப்பு வைக்கிற அலுமாரி ஆக்கிப்போட்டினம். ஆனால் குளிரைப் பற்றி என்ரை மனுசனுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஜெனரேற்றருக்கு எண்ணெய் கிடைக்கிற நாளிலை மட்டும் ஓடுற ஐஸ் வாடி, ஐஸ் அடிக்கிற கொட்டில், ஒண்டு இருந்தது. அங்கை தன்ரை பங்குக்குக் கிடைக்கிற ஐஸிலை நல்ல கட்டியைத் தெரிஞ்சு எடுத்து, பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டியிலை போட்டு, சுத்திவர உமி அடைச்சு, நடுவிலை என்ரை போத்தலை இறக்கி வைப்பார். தன்ரை மீனுக்கு ஐஸ் காணாமல் மீன் பழுதாய்ப் போய்ச் சந்தையிலை ஏச்சு வாங்கிக்கொண்டு வந்த நாளும் இருக்கு. என்னட்டை ஒரு சொல்லுச் சொன்னதில்லை. காலமை பெட்டியைத் திறந்து போத்தலைத் தொட்டுப்பாத்து, நல்ல குளிர் எண்டு சொல்லேக்கை அவரின்ரை முகத்தைப் பாக்கவேணும்.

போத்தல் கல்லாய் இறுகியிருக்கும். நான் உள்ளங்கையிலை வைச்சு உருட்டி உருட்டி இளக்குவன். டொக்டர் உருட்டச் சொன்னது இதுக்குத்தான் எண்டு நினைச்சன்.

அடுத்த கிளினிக்கிலையும் குழாய் செங்கல். மருந்தைக் கூட்டினவை. அதுக்கடுத்த முறையும் செங்கல். திருப்பிக் கூட்டினவை. நான் சோத்தை இன்னும் குறைச்சு, பனங்கட்டியை விட்டு, மரவள்ளியை விட்டு, கடைசியிலை முருங்கையிலையும் மீனும் எண்டு ஆனன். எலும்பு தெரியத் தொடங்கினது, வயிறு மட்டும் ஊதினது. பெரிய மிஸ்ஸி வாங்கு முழுக்கக் கேக்கச் சொன்னா: "வயித்துக்கை ஒரு உயிர் இருக்கு எண்ட எண்ணம் இருந்தா வாயைக் கட்டுங்கோ."

முந்தி என்னோடை சிரிச்ச பெட்டையள் அண்டைக்கு நிலத்தைப் பாத்தினம்.

ஊருக்குள்ளை கதை போயிற்று. பிலோ அக்கா ஒளிச்சுத் தின்னிறாவாம். எங்கை ஒளிச்சு, எதை ஒளிச்சுத் தின்னிறது? வவுனியாவிலை இருந்து வாற வழியிலை சோதனைச் சாவடியிலை எண்ணி எண்ணி விடுற சாமானிலை ஒரு கரண்டி சீனி என்னட்டை வாறதெண்டால் அதுக்கு முதல் எத்தினை கையைத் தாண்டவேணும். அதை ஒருத்தரும் யோசிக்கேல்லை. யோசிக்காதவையிலை எனக்கு இன்னும் கோவம் இருக்கு. சண்டை பிடிக்கிறவை எங்களைச் சீனி இல்லாமலும் மருந்து இல்லாமலும் வைச்சினம், அது ஒரு கோவம். ஆனால் சீனி இல்லாத என்னைச் சீனிக் கள்ளி ஆக்கினது எங்கடை ஆக்கள். அந்தக் கோவம் வேற.

எட்டாம் மாசம் பிள்ளையின்ரை அசைவு குறைஞ்சது. டொக்டர் வயித்தைத் தொட்டுப்பாத்திட்டு உடனை ஆசுப்பத்திரி வாட்டிலை படுக்கச் சொன்னா. கட்டில் இல்லை. ரெண்டு கட்டிலுக்கு நடுவிலை பாய். பக்கத்துக் கட்டிலிலை லெட்சுமி எண்டொரு பிள்ளை, பிறஷர் கூடிப் படுத்திருந்தவள். மலைநாட்டிலை இருந்து வந்த குடும்பம், பரந்தன் பக்கம் வயல் வேலை செய்து, சண்டையோடை இடம்பெயர்ந்தவை. என்ரை வயித்தையும் வயதையும் பாத்திட்டு, நீங்க மேல படுங்கக்கா, நான் கீழ படுத்துக்கிறேன் எண்டாள். மிஸ்ஸி விடேல்லை. ஆனால் அவள் கேட்டாளே, அதிலை எனக்குக் கண்ணாலை தண்ணி வந்தது. அந்த மாசங்களிலை என்னை மனுசியாய்ப் பாத்த முதல் ஆள்.

வாட்டிலை மண்ணெண்ணெயிலை ஓடுற ஒரு பிறிட்ஜ் இருந்தது. அதிலை இருந்த இன்சுலினை எனக்குப் போட்டினம். அடுத்த நாள் குழாய் மஞ்சள். அதுக்கடுத்தது பச்சை. பிறகு நீலம். நான் அந்த நீலத்தைப் பாத்து மாதாவின்ரை முக்காட்டைப் பாத்த மாதிரி நிண்டன். பிள்ளையும் நல்லாய்த் துடிக்கத் தொடங்கினது.

பெரிய மிஸ்ஸி குழாயைத் தூக்கிப் பிடிச்சா. "பாத்தீங்களோ? இஞ்சை எங்கடை கண்ணுக்கு முன்னாலை வாயைக் கட்டினாப்போலை இறங்கினது."

நான் சுகப்பட்டதே நான் கள்ளி எண்டதுக்குச் சாட்சியாய்ப் போச்சுது. வாய் நிறையப் பதில் வந்தது, ஆனால் முழுங்கிப்போட்டன். அவையின்ரை ஊசி பிள்ளையைக் காப்பாத்துது, அது நிண்டுபோகக் கூடாது எண்டு பயம்.

அது வேற விதமாய் நிண்டது. வாட்டு மருந்து முடிஞ்சு போச்சுது. மருந்து லொறி சாவடியிலை மறிபட்டு நிக்குது எண்டு கதை. வீட்டிலை மிச்சம் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கோ எண்டு டொக்டர் சொன்னா. அந்தோனி சைக்கிளிலை ஐஸ் பெட்டியைக் கட்டி, அத்தினை தூரம் கிறவல் றோட்டிலை உழக்கிக்கொண்டு வந்தார். வந்து சேரேக்கை ஐஸ் கரைஞ்சு, சேட்டு வேர்வையிலை ஒட்டி, பெட்டியாலை தண்ணி ஒழுகினது. மருந்து நல்ல குளிராய்த்தான் இருந்தது டொக்டர் எண்டு நாலு தரம் சொன்னார்.

அந்தப் போத்தலிலை இருந்து போட்டினம். அடுத்த நாள் குழாய் மஞ்சள். அதுக்கடுத்த நாள் செங்கல்.

பெரிய மிஸ்ஸி வந்து என்ரை பாய்க்கு முன்னாலை நிண்டா. எழும்புங்கோ எண்டா. தலகணியைத் தூக்கிப் பாத்தா. பாயை உதறினா. பையைக் கவிட்டா. வாட்டு முழுக்கப் பாத்துக்கொண்டு இருந்தது. விழுந்தது ஒரு செபமாலை, ஒரு சீப்பு, பேப்பரிலை சுத்தின கொஞ்சக் கருவாடு. சீனிக்கு எதிரான சாமான் உலகத்திலை ஒண்டு இருக்கெண்டால் அது கருவாடுதான். அதையும் அவ பிரிச்சு மணந்து பாத்தா.

லெட்சுமிதான் எழும்பினாள். "மிஸ்ஸி, அக்கா ஒன்னும் திங்கலைங்க. நான் பக்கத்துலயேதான் கெடக்கேன். என் வீட்டுக்காரர் கொண்டாந்த பனங்கட்டியக் குடுத்தேன், அதக்கூட கையால தொடலைங்க."

"நீர் உம்மடை பிறஷரைப் பாரும்" எண்டிட்டு மிஸ்ஸி போனா.

பின்னேரம் டொக்டர் வந்து என்ரை பாயிலையே குந்தினா. குரலை இறக்கி, அம்மா, பிள்ளையின்ரை அசைவு திருப்பியும் குறையுது, ஒளிக்காமல் சொல்லுங்கோ, ஆரும் ஏசமாட்டினம் எண்டா. நல்ல மாதிரித்தான் கேட்டா. அந்த நல்ல மாதிரிதான் என்னை எரிச்சது. ஏசினாலாவது திருப்பி ஏசலாம்.

"டொக்டர், நான் பகிடிக்காரிதான். கள்ளி இல்லை" எண்டன். "போன கிழமையும் இதே பாய். இதே சோறு. இதே லெட்சுமி. அப்ப நீலமாய் நிண்டது. இப்ப சிவக்குது. என்ரை வாய் மாறேல்லை. மாறினது என்ன எண்டு படிச்ச நீங்கள் சொல்லுங்கோ."

டொக்டர் பாயிலை இருந்து எழும்பினா. அந்தப் போத்தலை எடுத்துக்கொண்டு யன்னலடிக்குப் போனா. வெயிலுக்கு நேரை பிடிச்சு மெதுவாய்ச் சரிச்சா. நானும் பாத்தன். பால் மாதிரி இருக்கவேண்டிய மருந்து திரைஞ்ச பால் மாதிரி இருந்தது. கண்ணாடியிலை பொடிப்பொடியாய் ஒட்டிக்கிடந்தது.

வெளியிலை விறாந்தையிலை நிண்ட அந்தோனியைக் கூப்பிட்டா. எப்பிடி வைச்சிருந்தனீங்கள் எண்டு கேட்டா. மனுசன் நிமிர்ந்து நிண்டு சொன்னார். "நல்ல ஐஸ் டொக்டர். சுத்திவர உமி. குளிர் குறையக் கூடாதெண்டு ஐஸிலை உப்பும் தூவினனான்."

உப்புத் தூவினால் ஐஸின்ரை குளிர் இன்னும் ஏறும். பாரை மீன் விறகுக்கட்டை மாதிரி இறுகும். அது எங்கடை தொழிலிலை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தன்ரை மீனுக்குக் கூடச் சும்மா ஐஸ் போடுற மனுசன், எனக்கெண்டு உப்புப் போட்டிருக்கிறார்.

டொக்டர் கதிரையை இழுத்து இருந்தா. இன்சுலின் ஒரு புரதம், அது நூல்பந்து மாதிரி ஒரு ஒழுங்கிலை மடிஞ்சிருக்கும், உறைஞ்சால் அந்த மடிப்புக் குழம்பி ஒண்டோடை ஒண்டு ஒட்டிக் கட்டியாகிப்போடும், பிறகு அது மருந்தே இல்லை எண்டா. இவ்வளவு நாளும் நான் தொடையிலை குத்தினது பெரும்பாலும் வெறுந்தண்ணி.

அந்தோனி சுவரிலை கையை ஊண்டினார். "அப்ப பிலோ, நான்தானே..." எண்டார்.

"நான் மீனாய் இருந்திருந்தா இண்டைக்குச் சந்தையிலை முதல் விலை போயிருப்பன்" எண்டன் நான். "உங்களிலை ஒரு பிழையும் இல்லை."

அவர் சிரிக்கத் தொடங்கி அழுதார். பிறகு நான் டொக்டரைப் பாத்தன். என்ரை குரல் வாட்டின்ரை மற்றத் தொங்கலுக்கும் கேட்டிருக்கும்.

"குளிராய் வை எண்டு சொன்னனீங்கள். எவ்வளவு குளிர் எண்டு சொல்லேல்லை. உறையக் கூடாது எண்டு சொல்லேல்லை. மீன்காரனுக்குக் குளிர் எண்டால் ஐஸ். அது உங்களுக்குத் தெரியாதே? என்ரை பையைக் கவிட்டுக் கொட்டின ஆக்களிலை ஒருத்தருக்காவது அந்தப் போத்தலை ஒருக்கால் வெளிச்சத்திலை பாக்கோணும் எண்டு வரேல்லையே?"

"ஓம்" எண்டா டொக்டர். பெரிய மிஸ்ஸி மருந்து மேசையைத் துடைச்சுக்கொண்டு நிண்டா. அது ஏற்கனவே துடைச்ச மேசை.

டொக்டர் அண்டைக்கே ஆளை அனுப்பி, வேற ஆசுப்பத்திரியிலை இருந்து ஒரு போத்தல் எடுப்பிச்சா. பிறிட்ஜுக்கு மண்ணெண்ணெய் முடிஞ்ச நாளிலை ஒரு மண்சட்டியிலை ஈரமணல் போட்டு, நிழலிலை வைச்சு, அதுக்கை போத்தலைப் புதைச்சினம். அந்தக் குளிர் காணும். அவ்வளவுதான் விசயம். எங்கடை கரை முழுக்க மணல்.

அடுத்தடுத்த நாளிலை, வேலை ஓய்ஞ்ச நேரமாய்ப் பாத்து, டொக்டர் வந்து எனக்கு இந்த வருத்தம் உடம்புக்கை எப்பிடி நடக்குது எண்டு சொன்னா. நான் கேட்டபடியாலை சொன்னவ, கேக்காட்டிச் சொல்லியிருப்பாவோ தெரியாது. எனக்கு விளங்கின மாதிரிச் சொல்லுறன், கரைவலை இழுக்கிறதைப் பாத்தவைக்கு லேசாய் விளங்கும்.

எங்கடை உடம்பு செல் எண்டு சொல்லுற சின்னச் சின்னக் கலங்களாலை ஆனது. சீனி உள்ளுக்குப் போறதுக்குச் சில கதவுகள் இருக்கு. ஆனால் தசைக் கலத்திலை அந்தக் கதவுகள் ஆழத்திலை கிடக்கும், மீன் விழுற பை, வலையின்ரை மடி, கடலுக்கை கிடக்கிற மாதிரி. இன்சுலின் கரையிலை நிண்டு குரல் குடுக்கிற சம்மாட்டி, வலையின்ரை சொந்தக்காரன். கலத்தின்ரை தோலிலை நிக்கிற முதல் ஆள் குரலைக் கேட்டுக் கயிறைப் பிடிப்பான். அவன் ரெண்டாவது ஆளுக்கு, அவன் மூண்டாவதுக்கு. அப்பிடி இழுபட்டுத்தான் கதவுகள் விளிம்புக்கு வரும்.

வயித்திலை பிள்ளை வந்தாப் பிறகு நச்சுக்கொடி சில ஓமோன்களைத் தாயின்ரை ரத்தத்துக்கை விடுமாம். அதுகள் அந்த ரெண்டாவது ஆளின்ரை கையைக் குழப்பிப்போடும். அவனிலை பொஸ்பேற்று எண்டொரு சின்னத் துண்டு சரியான இடத்திலை ஒட்டினால்தான் கயிறை அடுத்தவனிட்டைக் குடுப்பான். அது பிழையான இடத்திலை ஒட்டிப்போனால் கயிறு அவன்ரை கையோடை நிக்கும். முதல் ஆள் இழுக்கிறான், கடைசி ஆள் சும்மா நிக்கிறான், மடி கரைக்கு வராது. சீனி ரத்தத்திலையே நிண்டுபோடும்.

இது பழுது இல்லையாம். தாய் எல்லாத்தையும் தன்ரை உடம்புக்கை எடுத்துப்போடாமல் பிள்ளைக்கு மிச்சம் விடுறதுக்கு நச்சுக்கொடி செய்யிற வேலை. எல்லாத் தாய்மாருக்கும் கொஞ்சம் நடக்கும். கணையம் எண்டு சொல்லுற அவையின்ரை சதையி இன்னும் சத்தமாய்க் குரல் குடுத்து, அதாவது கூட இன்சுலின் சுரந்து, சமாளிச்சுப்போடும். வயது போன, பரம்பரையிலை சீனி உள்ள என்னைப்போலை ஆக்களுக்குச் சதையியின்ரை தொண்டை அடைச்சுப்போடும். அதுதான் வெளியிலை இருந்து ஊசியாலை குரல் குடுக்கிறது. நான் குத்தினதோ, ஐஸிலை விறைச்சு ஊமையாய்ப்போன சம்மாட்டிமார்.

"அப்ப இது நான் திண்டு வந்த வருத்தம் இல்லையோ?" எண்டு கேட்டன்.

"இல்லை அம்மா. நீங்கள் செய்த பிழை ஒண்டும் இல்லை."

இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன குறைஞ்சு போயிருக்கும் எண்டு நான் கேக்கேல்லை. அவவின்ரை கண்ணுக்குக் கீழை இருந்த கறுப்பைப் பாத்துக் கேக்காமல் விட்டன். கேக்காமல் விட்டதாலை கோவம் போகேல்லை.

லெட்சுமிக்கு ஆம்பிளைப் பிள்ளை. எனக்கு வயித்தை வெட்டித்தான் எடுத்தவை. பொம்பிளைப் பிள்ளை, நல்ல பாரம். என்ரை ரத்தத்திலை கூடின சீனிக்கு ஈடாய் அவளின்ரை சதையி வயித்துக்கையே இன்சுலினைக் கூடச் சுரந்து பழகினபடியால், பிறந்த கையோடை அவளுக்குச் சீனி இறங்கிப் போச்சுது. உதடு நீலிச்சு, கை நடுங்கினது. நீலத்தைக் கண்டு நான் பயந்தது அந்த ஒருக்கால்தான். ஆசுப்பத்திரியிலை குளுக்கோசு குறைவு. பெரிய மிஸ்ஸிதான் இருந்ததைக் கரைச்சு, துளித்துளியாய் அவளின்ரை வாயிலை விட்டு, விடியும்வரைக்கும் மடியிலை வைச்சிருந்தா. ஒருக்கால் நிமிந்து என்னைப் பாத்தா. பிறகு குனிஞ்சு அடுத்த துளியை விட்டா. பிள்ளை தப்பினாள்.

நச்சுக்கொடியைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாத்தன். பேசினிலை ஈரல் மாதிரிக் கிடந்தது. அது வெளியிலை வந்த பிறகு ஊசியும் இல்லை, ஒண்டும் இல்லை, என்ரை குழாய் நீலமாய் நிண்டது. முழு ஊரும் சேந்து என்ரை வாயைப் பிடிச்சுக்கொண்டு நிக்க, கள்ளன் பேசினிலை கிடந்தான்.

இப்ப மகளுக்குப் பல்லு முளைச்சிட்டுது. தடுப்பூசி போடக் கிளினிக்குக்குக் கொண்டுபோனன். அதே கொட்டில், அதே வாங்கு. பெரிய மிஸ்ஸி ஒரு குழாயைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. செங்கல். முன்னாலை ஒரு பிள்ளை, எங்கடை கரைப் பக்கம்தான், கழுத்திலை மாதா படம் பதிச்ச சுருவம், தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்கிறாள். மிஸ்ஸி, வீட்டை இன்சுலின் போட்டும் இறங்கேல்லை, என்ன சாப்பிட்டனீர் எண்டு தொடங்கிறா. வாங்கிலை இருந்த எல்லாரும் நிலத்தைப் பாக்கினம்.

நான் மகளை இடுப்பிலை தூக்கிக்கொண்டு எழும்பி, அவையள் ரெண்டு பேருக்கும் நடுவிலை போய் நிண்டன். மிஸ்ஸி என்னைக் கண்டா. குழாயைக் கீழை இறக்கினா.

"தங்கச்சி" எண்டன், "உன்ரை மனுசன் என்ன தொழில்? அந்தப் போத்தலை எங்கை வைச்சிருக்கிறாய்?"